ஓட முடியாதவர்களுக்கும் ஓர் ஆடுகளம்



சுண்ணாம்பாற்றின் கரையிலே அமைந்த இந்த நோணாங்குப்பத்தில், இக்கல்லூரியின் பட்டமளிப்பு விழா என்னும் மங்கள வைபவத்தில், உபதேச மொழிகளை அடுக்குவதைக் காட்டிலும் நான்கு பெண்மணிகளின் விளையாட்டு வாழ்க்கையை உங்கள் முன் விரித்துரைப்பதே உசிதம் என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் அவர்களிடம் செல்வதற்கு முன், புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது பிரஸ்தாபிக்க வேண்டும்.

பிரெஞ்சு ராணுவத்தில் சேவை புரிந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்கள், மாலை வேளைகளில் ஒன்றுகூடி, எஃகுக் குண்டுகளைக் கையிலேந்திப் பெத்தாங்க் ஆடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விடைபெற்றது. அந்த ஆட்டமோ விடைபெறவில்லை. தரையில் ஒரு சிறு வட்டம். அதற்கு ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்னஞ்சிறு மரக்குண்டு. வட்டத்துக்குள் இரு பாதங்களையும் ஊன்றி நின்று, மரக்குண்டுக்கு அருகே தன் குண்டை நிறுத்துகிறவருக்குப் புள்ளி. முதலில் 13 புள்ளி எட்டுகிறவருக்கு வெற்றி.

இந்த ஆட்டம் பிறந்த கதை, ஆட்டத்தைக் காட்டிலும் அழகியது. தென் பிரான்சில், மார்செய் நகருக்கு அருகேயுள்ள லா சியோத்தா என்னும் கடற்கரையூரில், மூன்று தப்படி ஓடிவந்து குண்டெறியும் பழைய ஆட்டம் ஒன்றில் தேர்ச்சி பெற்றிருந்த ழூல் லெனுவார் என்பவர், மூட்டுவாதத்தால் பீடிக்கப்பட்டு, இனி ஓட இயலாது என்ற நிலையில் வேடிக்கை பார்ப்பவராய் அமர்ந்துவிட்டாராம். அதைக் காணச் சகியாத நண்பர் எர்னெஸ்ட் பிட்டியோ, 1907-ஆம் ஆண்டையொட்டி, ஓட்டத்தை அறவே நீக்கி, தூரத்தைக் குறைத்து, நின்ற நிலையிலேயே எறியலாம் என்று விதியை மாற்றியமைத்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 1910-இல் அங்கேயே முதற்போட்டியும் நடந்தது. நண்பன் ஆடமுடியவில்லையே என்று பரிதாபப்பட்டதோடு நில்லாமல் ஆட்டத்தையே அவனுக்கேற்ப மாற்றிய அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இக்குடும்பத்து ஆட்டங்கள் உலகில் பல. இத்தாலியர் போச்சே என்கிறார்கள்.  ஆங்கிலேயர் புல்தரையில் ஆடுவது லான் பவுல்ஸ். இதில் உருட்டப்படும் குண்டு முழுமையான கோளம் அன்று. ஒரு பக்கம் சாய்வுடையதாகவே அது கடையப்படுகிறது. ஆகையால் நேராக விட்டாலும் நேராகப் போவதில்லை. வேகம் குறையக் குறைய வளைவு கூடி, நிற்கப் போகுந் தறுவாயிலேதான் தன் உண்மையான திசையைக் காட்டுகிறது. எங்கே போய் நிற்கவேண்டுமோ அங்கே குறிவைக்காமல், வேறோரிடத்தைப் பார்த்து விடவேண்டிய இந்தக் கலைக்குப் புஜபலத்தைவிடப் பொறுமையும் நிதானமும் நீண்ட அப்பியாசமும் அவசியம்.

இந்தக் கலையில்தான், 2022 ஆகஸ்ட் 2-ஆம் நாள், பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில், லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி என்ற நம் நாட்டுப் பெண்கள் நால்வரும் தங்கம் வென்றார்கள். 1930-லேயே அவ்விழாவில் இடம்பெற்ற இவ்வாட்டத்தில் இந்தியாவுக்குக் கிட்டிய முதல் பதக்கமே அதுதான்.

இவர்களில் எவரும் குண்டு உருட்டுவதற்கென்றே பிறந்து வளர்ந்தவர் அல்லர். லவ்லி, ஜார்க்கண்டில் 100 மீட்டர் ஓட்டக்காரியாக இருந்து, காயத்தால் ஓட்டத்தை இழந்தவர். மாநிலக் காவல் துறையில் பணியாற்றுபவர். அஸ்ஸாமைச் சேர்ந்த நயன்மோனி, பளுதூக்கும் வீராங்கனையாக இருந்து, காலில் பட்ட காயத்தால் அதை விட்டவர். ரூபா ராணி முன்பு கபடி ஆடியவர். பிங்கி டெல்லியில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. ஓட்டம் போயிற்றே என்றிருந்த லவ்லிக்கு இந்த ஆட்டத்தைச் சுட்டிக்காட்டியவர் மதுகாந்த் பாடக் என்ற கிரிக்கெட் நடுவர். லா சியோத்தாவின் பிட்டியோவை நினைவூட்டும் இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் பதக்கப் பட்டியலில் ஏறுவதில்லை. நாமாவது அவற்றை உரக்கச் சொல்லுவோம்.

2010-இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் ரூபாவும் பிங்கியும் இடம்பெற்ற மூவர் அணி நான்காம் ஸ்தானத்தோடு திரும்பியது. அந்த நான்காமிடத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். அவ்வாண்டுகளில் பெரும் ஆதரவாளர்களோ பத்திரிகைப் புகழோ இவர்களைத் தேடி வரவில்லை. உத்தியோகம், குடும்பம், பயிற்சி என்ற மூன்றையும் சுமந்தபடியே காலம் கடத்தி, லவ்லி நாற்பதையும் தாண்டினார். பர்மிங்காம் அரையிறுதியில், பலம்பொருந்திய நியூஸிலாந்துக்கு எதிராக ஆரம்பத்திலேயே 0-5 என்று பின்தங்கி, படிப்படியாக மீண்டு, கடைசிச் சுற்றுக்கு முன் 12-13 என ஒரு புள்ளி குறைவாக நின்று, அந்தக் கடைசிச் சுற்றில் ரூபா உருட்டிய குண்டினால் 16-13 என்று வென்றார்கள். இறுதியாட்டத்திலோ 8-2 என்று முன்னேறியிருந்த நிலை கரைந்து, தென்னாப்பிரிக்கா சமன்செய்து முந்தியும் போயிற்று. 10-10 என்ற கட்டத்திலிருந்து எஞ்சிய மூன்று சுற்றுகளில் எதிரிக்கு ஒரு புள்ளியும் விடாமல் 17-10 என்று முடித்தார்கள். பெற்றதைப் பறிகொடுத்த பிறகும் கை நடுங்காத அந்த மூன்று சுற்றுகளைத்தான் நான் தங்கத்தினும் மேலாகக் கருதுகிறேன்.

மாணவ மாணவியரே, உங்களில் சிலருக்கு நினைத்த உத்தியோகம் கிட்டும். சிலருக்குக் கதவு சாத்தப்படும். சாத்தப்பட்டவர்கள் இந்த நால்வரையும் நினையுங்கள் என்பதோடு நான் நிறுத்தப்போவதில்லை. கதவு திறந்தவர்களிடத்தும் எனக்கு விண்ணப்பம் உண்டு. நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தின் தலைமையில் அமரும்போது, பயிற்சிக்கு விடுப்புக் கேட்டு ஒரு பெண் ஊழியர் மனு நீட்டினால், அதில் கையொப்பமிடத் தயங்காதீர்கள். உடற்குறையால் ஒதுங்கி நிற்பவரைக் கண்டால், அவரைத் திருத்த முயலாமல், நீங்கள் வகுத்த விதியைத் திருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நிர்வாகத்தாரிடமும் ஒன்று வேண்டுகிறேன். நம்மூர் பெத்தாங்க் களங்களில் என் கண்ணில் பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இக்கல்லூரி வளாகத்தில், 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சரளைக்கல் தரையைச் சமன்செய்து, சில ஜோடிக் குண்டுகளையும் வாங்கி வையுங்கள். புல்தரை வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அது தயாராகட்டும். ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுக்க இயலாத மாணவி ஒருத்தியின் கையில் முதற்குண்டைக் கொடுங்கள்.