மாணவரும் நேரமும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "படிப்பு எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நேரமே இல்லை சாமி" என்பதுதான். இதைப் பொய் என்று நான் தள்ளிவிடுவதில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். வாரத்திற்கு 168 மணி. நாளுக்கு 7 மணி உறக்கம் என்றால் 49. பள்ளிக்கும் பஸ்ஸுக்குமாக நாளுக்கு 9 மணி. ஐந்து நாளைக்கு 45. குளியல், சாப்பாடு, செபம் ஆகியவற்றுக்கு நாளுக்கு 3 மணி, ஆக 21. டியூஷனுக்கு 12. ஞாயிறு பூசைக்கும் மறைக்கல்விக்கும் 3. எல்லாம் கூட்டினால் 130. மீதி 38 மணி இருக்கிறது. அந்த 38 மணி எங்கே போகிறது?

"கைப்பேசி" என்று பின்வரிசையில் ஒரு தாயார் சொல்வது கேட்கிறது. உண்மைதான். ஆனால் அதைப் பற்றி நீங்கள் வீட்டில் நாள் தவறாமல் பேசுகிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன்.

வேலைகளில் சத்தம் போடுகிறவை உண்டு. வாய் திறவாதவையும் உண்டு. ரெக்கார்டு நோட்டை நாளைக்கு வைத்தாக வேண்டும் என்பது சத்தம் போடும் வேலை. வைக்காவிட்டால் ஆசிரியர் வெளியே நிறுத்திவிடுவார். தொகைநுண்கணிதம் விளங்கவில்லை என்பதோ வாய் திறவாத வேலை. இன்று அதைத் தொடாவிட்டால் கேட்பார் எவருமில்லை. மார்ச்சு மாதத்தில் வினாத்தாளோடு வந்துதான் அது முதன்முதலாக வாய் திறக்கும். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவை கூடியபோது, ஜனாதிபதி ஐசனோவர் தம் உரையில், அவசரமானது வேறு, முக்கியமானது வேறு என்று ஒரு கல்லூரித் தலைவர் கூறியதை எடுத்துச் சொன்னார். நாட்டை ஆண்டவருக்கே அந்தத் தொல்லை இருந்ததென்றால் உங்களுக்கு இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே மாலையில் புத்தகத்தைத் திறக்குமுன் அன்று செய்ய வேண்டிய மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று போதும், பத்து எழுதினால் பத்தும் நிற்கும். அவற்றுள் எது வாய் திறவாதது என்று பார்த்து, அதை முதல் மணியில் முடியுங்கள். மூளை தெளிவாக இருக்கும் நேரத்தைப் படம் வரைவதற்குக் கொடுத்துவிட்டு, கண் சொக்கும் நேரத்தில் கணக்கை எடுப்பது நல்ல வியாபாரம் அல்ல. அந்தத் தெளிவான நேரம் சிலருக்கு விடியற்காலை, சிலருக்கு இரவு ஏழு மணி. நான்கு மணிக்கு எழாதவன் உருப்படமாட்டான் என்று மிரட்டும் தகப்பன்மார் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். ஐந்து வண்ணங்களில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவோரும் உண்டு. அட்டவணை அழகாயிருக்கும், நான்காம் நாள் அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஒரே பாடத்தை ஐந்து தடவை வாசிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலார் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர் சிலரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார்கள். வேறு சிலரை, வாசித்தபின் அதை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா? ஐந்து தடவை வாசிப்பவர் இரண்டு தடவை வாசித்து, இரண்டு தடவை மூடிவைத்து எழுதட்டும்.

நிறுத்தவும் தெரியவேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் உழைப்புக்கு இன்ன நேரம், வாசிப்புக்கு இன்ன நேரம் என்று வகுத்தார். செபத்துக்கு அழைப்புக் கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பதும் அதில் உண்டு. குருமடத்தில் நாங்கள் அந்த மணிக்கு வளர்ந்தவர்கள். பிடித்த பாடத்தை விட்டு எழுவது, பிடிக்காததை எடுப்பதைவிடக் கடினம். தாவரவியலில் இன்பமாக மூன்று மணி மூழ்கிக் கிடப்பவன் சோம்பேறி அல்லன். ஆயினும் இயற்பியலில் தோற்றுப்போகிறான்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 38 மணி ஆண்பிள்ளையின் கணக்கு. அதே வீட்டில் அதே வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். நாளுக்கு இரண்டு மணி என்றால் வாரத்துக்கு 14 மணி போயிற்று, மிஞ்சுவது 24. இவளுக்கு நேரத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று நான் பாடம் நடத்தினால் அது நியாயமா? அந்த 14 மணியைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். அண்ணன் கழுவினாலும் தட்டு தட்டாகவே இருக்கும். வீடு வீடாகச் செல்கிறவன் நான். யார் வீட்டில் எந்தப் பிள்ளை அடுப்பங்கரையில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும்.

கோயிலும் உங்கள் நேரத்தைக் கேட்கிறது. அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்து பிறப்பு விழா ஆயத்தமும் டிசம்பரில் ஒன்றாகவே வருகின்றன. பாடற்குழு, குடில், இரவில் பாடல் பவனி என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இவ்வாண்டு பவனி கிடையாது. குடில் வேலையும் கிடையாது. பாடற்குழுவினர் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பலாம். ஓராண்டு பாடாவிட்டால் பாலன் இயேசு கோபித்துக்கொள்ளமாட்டார். பாடற்குழுத் தலைவர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

வரும் திங்கள் முதல் மறைக்கல்விக் கூடம் காலை 5 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 9 வரையும் படிப்புக்காகத் திறந்திருக்கும். சாவி உபதேசியாரிடம் இருக்கும். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். கைப்பேசியை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். பெண்பிள்ளைகளை இரவு ஒன்பது மணிக்கு வீடுவரை கொண்டுபோய்விட வின்சென்ட் தே பால் சபையினர் முறைவைத்து வர இசைந்திருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பெண்பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதிக்கொள்கிறேன்.