முதலில் 'ஜிஜி' சொல்ல வேண்டியவர் யார்?

1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைத் தென்கொரியர்கள் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்துக் கொண்டாடினார்கள். ஆட்டக்காரர்களை ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பார்கள். பார்வையாளர்களுக்கு இருவரின் படையும் திரையில் தெரியும். அவர்கள் போடும் ஒரு கூச்சலே எதிராளியின் திட்டத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா!

இருவரும் பேசிக்கொள்ள விசைப்பலகை மட்டுமே வழி. அதிலும் கண்டதை எழுதினால் ஆட்டமே பறிபோகும். முடிவில் தோற்பவர் 'ஜிஜி' என்று எழுதிவிட்டு வெளியேறுவார். 'நல்ல ஆட்டம்' என்று அர்த்தம். தோல்வியை ஒப்புக்கொள்வதும் அதுவே. ஜெயிக்கிறவர் முந்திக்கொண்டு அதை எழுதினால்? "உன் கதை முடிந்தது" என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கடைசிக் கட்டடம் இடியும்வரை இழுத்தடிக்காமல், மனமார விட்டுக்கொடுக்கும் உரிமை தோற்பவருக்கே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நாகரிகம் இது.

2014-இல் வந்த ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில், முன்பே எழுதிவைத்த சில வாசகங்களை மட்டுமே எதிராளிக்கு அனுப்ப முடியும். அப்படியும் எதிராளி தப்புச் செய்ததும் "நன்றாக ஆடினாய்" என்று அனுப்பிச் சீண்டினார்கள். குத்த நினைப்பவருக்குப் பாராட்டும் ஆயுதம்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களா? ஜெயித்தாயா என்று கேட்பதோடு, ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் என்ன சொன்னாய் என்றும் இன்று ஒருமுறை கேளுங்கள்.