பழைய துண்டும் இன்றைய அறிக்கையும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் புதுக்கடையில் நடந்த கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



புதுக்கடைக்கு நம்மவர்கள் வருவது பெரும்பாலும் வழக்குக்குத்தான். கடன் வழக்கென்றால், நோட்டீஸ் கைக்கு வந்த பிறகே சங்கத்தைத் தேடுகிறார்கள். நோட்டீசுக்கு முன்னால் நடப்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' இருந்தது. கங்காணி முற்பணம் கொடுத்து இந்தியாவிலிருந்து ஆள் கட்டினான். அந்தப் பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம்' என்று துரை எழுதிக்கொடுத்த துண்டு வேண்டும். ஆள் எங்கே போனாலும் கடனும் கூடவே போனது. 1921இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

இன்றும் நம் பெயரில் ஒரு கணக்கு ஓடுகிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், நாம் 'கிரிப்' என்கிறோமே, அது. வங்கியும் நிதிக் கம்பனியும் நம் தவணை விவரத்தை அங்கே அனுப்புகின்றன. துண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு: நம் அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கோரலாம்.

"கிரிப்பில் பெயர் விழுந்திட்டுது, இனி லோனே இல்லை" என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அங்கே கறுப்புப் பட்டியல் கிடையாது. ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகிறது, தவறியதும் பதிவாகிறது. 250 முதல் 900 வரை ஒரு புள்ளியும் உண்டு. லோன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது பிணைக் கையெழுத்தில். கூட வேலை செய்பவன் ஆட்டோ எடுக்கிறான், "சும்மா ஒரு கையெழுத்து" என்கிறான். முகத்துக்காகப் போடுகிறோம். அவன் தவணை நின்றால் வங்கி நம்மிடம் வரும். அந்தக் கடன் நம் அறிக்கையிலும் தெரியும். நாளைக்கு வீடு கட்ட லோன் கேட்கும்போதுதான் இது வெளிச்சத்துக்கு வரும். கட்டக்கூடிய தொகையா என்று பாராமல் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், மச்சானானாலும் சரி.

தோட்டத்திலிருக்கும் அம்மாவும் அக்காவும் எடுக்கும் நுண்கடன் வேறு கதை. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. இதைப் பெண்களின் ஊதாரித்தனம் என்று பேசுபவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. சம்பளம் மாதக் கடைசி வரை வராததுதான் காரணம். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனை ரத்துச் செய்யக் கேட்டு சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் நம்மைப் போன்ற ஏழைகள்தான்.

கெட்டுப்போன பதிவைச் சீர் செய்ய முதலில் அறிக்கையை எடுங்கள். அடையாள அட்டையோடு உங்கள் வங்கிக் கிளையில் விசாரியுங்கள். நீங்கள் எடுக்காத கடனோ, கட்டி முடித்தும் நிலுவையாகக் காட்டும் கடனோ இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். உண்மையான நிலுவை என்றால், ஓடி ஒளியாமல் போய்த் தவணையைக் குறைத்து நீட்டித் தரக் கேளுங்கள். கட்டி முடித்த அன்றே கடிதம் வாங்குங்கள். சீட்டுக் கட்டியதும் கடைக் கணக்கைத் தீர்த்ததும் அங்கே ஏறாது. வங்கியில் சின்னக் கடன் எடுத்துத் தவறாமல் கட்டினால்தான் நல்ல பெயர் பதிவாகும். காசு கொடுத்தால் பெயரை அழித்துத் தருவதாகச் சொல்லும் புரோக்கரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நோட்டீசே வந்துவிட்டதா? போட்ட திகதிக்கு நீதிமன்றத்துக்கு வாருங்கள். வராமல் விட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். அதற்கு முன்னால் நோட்டீசையும் கட்டிய ரசீதுகளையும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு ரசீதையும் வீட்டில் விட்டு வராதீர்கள்.