ஹெல்லாடியஸின் மாணவர்



ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கும் பழைய தெய்வங்களை வழிபட்டவர்களுக்கும் இடையே நடந்த வன்முறையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். தலைமையேற்றவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். எந்தத் தரப்பு அதிகம் கொன்றது என்ற கணக்கு இங்கே வேண்டாம். அந்தக் கணக்கைத் தொடங்கியவர்களே அன்றைய ஆயர்களும் மேடைப் பேச்சாளர்களும்தான். நம் கைக்கு வந்த சான்றுகளில் பெரும்பகுதி அவர்கள் எழுதியவை என்பதுதான் நம் சிக்கல்.

அவர்களிலிருந்து விலகி நிற்பவராக ஒருவரைக் கருதுகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளில் திருச்சபை வரலாறு எழுதிய சோக்ரட்டீஸ். சிறுவயதில் அவருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த ஹெல்லாடியஸ், அம்மோனியஸ் இருவரும் அலெக்சாந்திரியாவில் பழைய தெய்வங்களின் பூசாரிகளாக இருந்தவர்கள். 391-ஐ ஒட்டி நடந்த செராப்பிஸ் கோயில் கலவரத்துக்குப் பின் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். ஆயர் தியோஃபிலஸ் கோயில்களின் புனிதப் பொருள்களைத் தெருவில் கொண்டுவந்து காட்டி இழிவுபடுத்தினார், கலவரம் மூண்டது. செராப்பிஸ் கோயிலுக்குள் அரண் அமைத்துக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்களைப் பிடித்துப்போய்ப் பலியிடக் கட்டாயப்படுத்தினார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள். பேரரசர் தியோடோசியஸ் கலவரக்காரர்களை மன்னித்தார், வழிபாட்டுக்கு முடிவுகட்டினார். ஒரு படைவீரனின் கோடரி சிலையின் தாடையைப் பிளந்தது. பிறகு கோயிலும் இடிந்தது.

அந்தக் கைகலப்பில் ஒன்பது பேரைத் தன் கையாலேயே கொன்றதாக ஹெல்லாடியஸ் சிலரிடம் பெருமை பேசியிருக்கிறார். அதை எழுதிவைத்தவர் அவருடைய கிறிஸ்தவ மாணவர். ஆசிரியர் என்பதற்காக மறைக்கவுமில்லை, எதிர்ச் சமயத்தவர் என்பதற்காக வசைபாடவுமில்லை.

415-இல் அலெக்சாந்திரியாவில் தத்துவஞானி ஹைப்பேஷியா கொல்லப்பட்டதையும் அவரே எழுதினார். வாகனத்திலிருந்து இழுத்து, சிசேரியம் என்ற தேவாலயத்துக்குக் கொண்டுபோய், ஆடையைக் களைந்து, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைக் கூறுபோட்டு எரித்தார்கள். கும்பலை நடத்திச் சென்றவர் பீட்டர் என்ற தேவாலய வாசகர். இது ஆயர் சிரிலுக்கும் அலெக்சாந்திரியத் திருச்சபைக்கும் பெரும் பழி என்று சோக்ரட்டீஸ் கூசாமல் எழுதுகிறார். தன் தரப்பின் குற்றத்தைத் தன் பேனாவால் எழுதும் இந்த நேர்மையைத்தான் நான் இம்மாநாட்டிடம் எதிர்பார்க்கிறேன்.

ஆனால் கும்பலை மட்டும் பார்த்தால் அரசு தப்பித்துக்கொள்ளும். பேரரசர் டீசியஸின் ஆணைப்படி 250-இல் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டதை அதிகாரிகள் முன் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது வழங்கிய பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பெட்டசூகோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பெண் பூசாரியுடையது. நாள்தோறும் பூசை செய்தவளுக்கே அரசாங்கச் சான்று தேவைப்பட்டிருக்கிறது! 392-இல் தியோடோசியஸின் சட்டம் திசை மாறிப் பாய்ந்தது. வீட்டுக்குள் தெய்வத்துக்குத் தூபம் போடுவதும் குற்றமாயிற்று. பக்தியை அதிகாரி சரிபார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் இரு ஆட்சிகளிலும் மாறவில்லை.

இந்தப் பிடிக்குள்ளேயும் மக்கள் வழி கண்டார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களை அரசு துன்புறுத்திய காலத்தில், காப்ரெஸ் என்ற கிறிஸ்தவர் நில வழக்குக்காக நீதிமன்றம் போனார். உள்ளே வருபவர்கள் பலியிட வேண்டும் என்றார்கள். அவர் பலியிடவில்லை, வழக்கையும் விடவில்லை. தன் சகோதரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி சராப்பியாஸுக்கு அவர் எழுதிய பாப்பிரஸ் கடிதத்தில் புலம்பலே கிடையாது. வந்து சேர்ந்த சேதி, வழக்கு விவரம், வீட்டாருக்கு வணக்கம், அவ்வளவுதான். தியாகிகளின் வரலாறுகளில் இவருக்கு இடமில்லை. இவரைப் போன்றவர்கள் எத்தனை ஊர்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடாமல், அக்காலத்தவர் தினமும் வெட்டிக்கொண்டு கிடந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஆகவேதான் பாப்பிரஸ் ஏடுகளைப் பற்றிய கட்டுரைகளை முதல் அமர்வில் வைக்கச் சொன்னேன். ஆயர்களின் கடிதங்களைப் பிற்பகல் படிக்கலாம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.