சேனாதிபதியின் பெருமை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சின்னாட்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, துப்பாக்கியும் பீரங்கியும் சேனாதிபதியின் கையில் இருக்க, அவர் மந்திரிகளுக்கு ஏன் கீழ்ப்படிதல் வேண்டும்?" என்று வினவினான். பிள்ளைகள் நகைத்தனர். யான் நகைத்திலேன். பாகிஸ்தானத்தில் 1958இல் அயூப்கானும், 1977இல் ஜியா உல் ஹக்கும், 1999இல் முஷாரப்பும், பர்மாவில் 1962இல் நே வின்னும் அவ்வினாவிற்குப் படைகொண்டு விடை கூறினர். ஆட்சியைத் தாமே கைக்கொண்டனர். அதன் பயனை அந்நாட்டுக் குடிகள் நெடுங்காலம் நுகர்ந்தனர். ஆதலின், உரிய விடை யாதென்பதை இன்று உங்கள் முன்னிலையில் ஆராயப் புகுகின்றேன்.

திருவள்ளுவனார் படையை அரசனுக்குரிய ஆறு உறுப்புகளுள் ஒன்றாக வைத்தனர். அமைச்சியலுக்குப் பத்து அதிகாரம் வகுத்தவர், படைக்கு இரண்டே வகுத்தனர். படை இன்றியமையாததே, ஆயினும் உறுப்பு உயிராதல் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை தடுமாறியதுண்டு. பிரதம சேனாதிபதிக்கு ராஜப்பிரதிநிதியின் நிருவாக சபையிலும் இடம் இருந்தது. அப்பதவியில் இருந்த கிச்சனர் பிரபு, அச்சபையின் இராணுவ அங்கத்தினர் தம் யோசனைகளை ஆராய்ந்து குறை கூறுதலைப் பொறாராய், அவ்வங்கத்தினர் பதவியையே ஒழித்தல் வேண்டுமென்று வாதாடினர். ராஜப்பிரதிநிதியாகிய கர்ஸன் பிரபு எதிர்த்தனர். இலண்டன் மந்திரிசபை கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905இல் கர்ஸன் பதவி துறந்தனர்.

சுதந்திரம் வந்தபின் நிலை மாறியது. தில்லியில் பிரதம சேனாதிபதிக்கென்று கட்டிய மாளிகை, 1948 முதல் பிரதம மந்திரி நேருவின் இல்லமாயிற்று. 1949 ஜனவரி 15இல் கரியப்பா தரைப்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியராயினர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 53ஆம் பிரிவில் படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்தது. 1955இல் பிரதம சேனாதிபதி என்னும் பெயரே நீங்கிற்று. 2019இல் முப்படைத் தலைமைத் தளபதி என்றொரு பதவியை அரசாங்கம் ஏற்படுத்தியது. 2020 ஜனவரி முதல் நாளில் விபின் ராவத் அதனை முதன்முதல் ஏற்றனர். அப்பதவியை வகுத்தபோதும், மந்திரிக்கு யோசனை கூறுதலே அதன் தலையாய தொழிலாக விதிக்கப்பட்டது. மூன்று படைத் தளபதிகளுக்கும் போர்க்கட்டளை இடும் அதிகாரம் சேர்க்கப்படவில்லை.

அங்ஙனமாயின், சேனாதிபதி வெறும் ஏவலாளரோ எனின், அல்லர். 1971 ஏப்ரலில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் திரள் திரளாக வந்துகொண்டிருந்தனர். உடனே போர் தொடங்கலாகாதா என்று பிரதம மந்திரி இந்திரா காந்தி கேட்க, தரைப்படைத் தளபதி மானெக்ஷா இசைந்திலர். மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகள் கடல்போற் பெருகும், படையும் ஆயத்தமாக இல்லை என்று மந்திரிசபையிலேயே எடுத்துரைத்ததாகவும், வேண்டுமாயின் பதவி விலகுவதாகக் கூறியதாகவும், அவரே பிற்காலத்தில் சொல்லியுள்ளார். போர் டிசம்பர் 3இல் மூண்டது; 16இல் டாக்கா நகரில் பகைப்படை சரணடைந்தது. 1973இல் அவர் பீல்டு மார்ஷல் ஆயினர். பின்னர் நம் நீலகிரியில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டனில் காலமாயினர். வெற்றி பெற்ற அத்தளபதி அரசுரிமை வேண்டினாரல்லர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

அன்பர்களே! சேனாதிபதியின் கடமை இரு கூற்றது. முடிவு ஏற்படுமுன், ஆள்வோர் விரும்பாவிடினும் உண்மையை அஞ்சாது கூறுதல் ஒன்று. முடிவு ஏற்பட்டபின், அதனைத் தன் முடிவாகவே கொண்டு நிறைவேற்றுதல் மற்றொன்று. முன்னது இல்லையேல் வீரர் வீணே மடிவர். பின்னது இல்லையேல் குடிகள் அடிமையாவர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "தம்பி, ஆயுதம் சேனாதிபதியின் கையில் இருப்பது மெய், அஃது அவருடையதன்று. உன் தந்தையும் என் போன்றோரும் செலுத்திய வரியால் வாங்கியது. ஆதலின், நாம் தேர்ந்தெடுத்தவர் சொல்லுக்கு அவர் கட்டுப்படுகின்றார்" என்றேன். சிறிது நேரம் எண்ணிப்பார்த்து, "அப்படியானால் நாம் தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே, ஐயா" என்றான்.

நம் சங்கத்துப் பிள்ளைகளுள் படையிற் சேர விரும்புவோர் பலர் உளர். அவர்கட்கு வீரத்தைக் கற்பிக்குங்கால் அடக்கத்தையும் உடன் கற்பிப்போமாக. அம்மாணவன் கூறியது நம் எல்லோர்க்கும் உரிய பாடம்.