அளத்துக் கூலியும் அறியா இசைவும்

(மரக்காணம் உப்பளத் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மரக்காணம் இன்று நேற்றுத் தோன்றிய ஊரன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இக் கடற்கரையே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. அக் கழகக் காலத்தில் நெய்தல்நில மக்கள் உப்பை விளைத்தனர். உமணர் அதனை வண்டியிலேற்றி உள்நாடு சென்று, நெல்லுக்கு மாற்றினர். கொடுத்தவரும் கொண்டவரும் பேசியது ஒரே மொழி. விலை கூறியதும் தமிழ், அளந்ததும் தமிழ், ஒப்பியதும் தமிழ். ஆகவே, கொடுத்தது எவ்வளவு, கொண்டது எவ்வளவு என்பதில் இருவர்க்கும் ஐயம் எழவில்லை.

இற்றை நாளில் அதே கரையில் வேறொரு கொடுக்கல் வாங்கல் நாள்தோறும் நிகழ்கின்றது. கைப்பேசிக்குக் கட்டணம் செலுத்துதலே அது. ‘இஃதொரு பொருட்டா? இதற்கொரு கூட்டமா?’ என்று சிலர் நகைக்கலாம். ஆனால், அச் சிறு செயலுக்குள் தமிழனின் பொருளுரிமையும் மொழியுரிமையும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன.

1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், இந்தியாவின் முதற் கைப்பேசி உரையாடல் கொல்கத்தாவில் நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு, நடுவண் அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அன்று அது செல்வர் கைப்பொருள். இன்றோ, பாத்தி மிதிக்கும் தொழிலாளியின் மடியிலும் அக் கருவி இருக்கின்றது. எரிவளி உருளைக்குப் பதிய வேண்டுமா? வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டுமா? அரசின் உதவி வந்ததா என்று அறிய வேண்டுமா? அனைத்திற்கும் அக் கைப்பேசி எண்ணே வாயிலாகி விட்டது. கட்டணம் தவறினால் பேச்சு நிற்கும். நெடுநாள் தவறினால் எண்ணே கைவிட்டுப் போகும். எனவே இக் கட்டணம், விரும்பினால் கொடுக்கும் கொடையன்று. கொடுத்தே தீரவேண்டிய வரிபோல் ஆகிவிட்டது.

அக் கட்டணத்தின் அளவுகோலை முதலில் பாருங்கள். இந்தியாவில் பத்துப் பேரில் ஒன்பதின்மர்க்கு மேல் முன்கட்டணம் செலுத்துவோரே. அவர்கட்கு விற்கப்பெறும் திட்டங்களிற் பல, 28 நாள் அளவின. திங்கள் ஒன்றுக்கு ஒருமுறை என்று மக்கள் எண்ணிக் கொடுக்கின்றனர். ஆனால், 28 நாளை 13 ஆல் பெருக்கினால் 364 நாள் வரும். ஆண்டுக்குத் திங்கள் பன்னிரண்டு. கட்டணமோ பதின்மூன்று முறை! இக் கணக்கு மக்கள் காதில் விழாமலே பல்லாண்டு ஓடியது. முறையீடுகள் எழுந்தபின், ‘திராய்’ எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 சனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், திங்கள்தோறும் அதே நாளில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் வைத்திருத்தல் வேண்டும் என்பது அவ் வாணை. 2024 திசம்பரில் அதே ஆணையம், இணையம் வேண்டாதார்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை விற்றாக வேண்டும் என்றும் விதித்தது. இவ் விரண்டு ஆணைகளையும் இக் கரையில் எத்தனை பேர் அறிவர்? உரிமை வந்தது, தமிழில் வீடு வந்து சேரவில்லை. அறியாத உரிமை, அளத்துக்குள் வராத கடல்நீர் போன்றது. அதனால் ஒரு மணி உப்பும் விளையாது.

இனி, செலுத்தும் முறைக்கு வருவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒருமுறை செலுத்துதல். வேண்டும்போது, வேண்டும் தொகையை, அந்த ஒரு முறைக்கு மட்டும் கொடுப்பது. மற்றொன்று, தானே கழித்துக்கொள்ள இசைவு தருதல். 2020 சூலையில் ‘யூ.பி.ஐ.’ செலுத்து முறையிலும் இவ் வேந்து சேர்க்கப்பட்டது. ஒருமுறை இசைந்துவிட்டால், குறித்த நாள்தோறும் நிறுவனம் கேட்கும், வங்கி கொடுக்கும், உடையவனை எழுப்பவும் வேண்டியதில்லை.

திங்கள் முதல் நாளில் சம்பளம் வாங்குவோர்க்கு இது நன்மையாகலாம். அளத்துத் தொழிலாளிக்கு? வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. அக்தோபர் முதல் திசம்பர் வரை உப்பும் இல்லை, கூலியும் இல்லை. அத் திங்கள்களின் வறுமையை உணர்ந்தே, தமிழ்நாட்டரசு 2022இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்கட்கு 5,000 உருபா மழைக்கால உதவி வழங்கத் தொடங்கியது. கூலி நின்ற நாளிலும் நில்லாது கழியும் கட்டணம், அடுப்பில் ஏற வேண்டிய அரிசியில் கைவைக்கின்றது. எனவே, பருவக் கூலி பெறுவார்க்கு ஏற்ற வழி, ஒருமுறை செலுத்துதலே. தருவதும் தள்ளிவைப்பதும் அவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

ஆனால், எங்கே தவறு நிகழ்கின்றது? ஓர் அளத்துத் தாயை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் உப்பு வாரிய கையோடு, அண்டை வீட்டுப் பையனிடம் கருவியை நீட்டுகின்றாள். அவனும் எண்ணை இடுகின்றான், தொகையைத் தொடுகின்றான். கட்டணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, ஆங்கிலத்தில் சிறிய வரி ஒன்று. அதன் பக்கத்தில் சிறிய கட்டம் ஒன்று. அதில் முன்பே இடப்பட்ட குறி ஒன்று. அவளும் படிக்கவில்லை, அவனும் படிக்கவில்லை. மறையெண் இட்டாயிற்று. ஒருமுறை கொடுக்க வந்தவள், ஒவ்வொரு முறையும் கொடுக்க ஒப்பிவிட்டாள்! அவள் ஒப்பினாளா? இல்லை, அவள் விரல் ஒப்பியது. அறியாத மொழியில் பெற்ற இசைவு இசைவாகுமா?

இரிசர்வு வங்கி இதற்குக் காப்பு வைக்காமல் இல்லை. தானே கழிக்கும் முறைக்கு அது வகுத்த நெறிப்படி, பணம் கழியுமுன் 24 மணிநேரத்திற்குக் குறையாமல் முன்னறிவிப்பு வருதல் வேண்டும். கொடுத்த இசைவை எப்பொழுது வேண்டுமாயினும் திரும்பப் பெறவும் வழி இருத்தல் வேண்டும். நல்ல நெறிதான். ஆனால், அவ் வறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தால், அவ் வளத்துத் தாய்க்கு அது வந்ததும் ஒன்றே, வாராததும் ஒன்றே.

‘தமிழுக்கு இக் கருவியில் இடமில்லை, என் செய்வது?’ என்பர் சிலர். இடம் இல்லாமல் இல்லை, பின்னே தள்ளப்பட்டது. 2016 திசம்பர் 30ஆம் நாள் நடுவணரசு வெளியிட்ட ‘பீம்’ செயலி, இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வெளிவந்தது. தமிழ் அதன்பின் 2017இலேயே சேர்க்கப்பட்டது. அதே 2016இல் கைப்பேசிகட்கு விதித்த வரையறை, 22 மொழிகளின் எழுத்தையும் படித்துக்காட்டும் திறன் வேண்டும் என்றது. ஆயின் எழுதுவதற்கோ, ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம், மற்றை மொழிகளில் ஒன்று போதும் என்றது! உருபாத் தாளைத் திருப்பிப் பாருங்கள். அதன் மதிப்புத் தமிழிலும் அச்சிடப்பட்டுள்ளது. தாளில் இருந்த தமிழ், அதே பணம் கைப்பேசிக்குள் புகுந்ததும் எங்கே போயிற்று?

குறுஞ்செய்தியிலும் இதே நிலை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் வரை இடலாம். தமிழில் எழுதினால், பொதுவாக 70 குறிகளே ஒரு செய்தி. அதிலும் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல், கணிப்பொறிக் கணக்கில் ஐந்து குறிகளாக எண்ணப்படும். ஒரே செய்தி தமிழில் இரண்டாக மூன்றாகப் பிளந்து செலவு கூடுவதும், நிறுவனங்கள் தமிழைத் தவிர்க்க அது சாக்காவதும் இதனால்தான். ஆனால், குறுஞ்செய்திக்கான உலக வரையறையிலேயே தமிழுக்கெனத் தனி எழுத்துப்பட்டியல் சேர்க்கப்பட்டுள்ளது. அதனைக் கையாண்டால் இக் குறை பெரிதும் குறையும். 1999இலேயே, சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையை ஏற்று வரையறுத்தது. தமிழ் காத்திருக்கவில்லை, தமிழைத்தான் காக்க வைத்திருக்கின்றனர்.

எனவே, கேட்க வேண்டியவை மூன்று. கட்டணப் பக்கத்தில் இசைவு கேட்கும் வரி, தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இருத்தல் வேண்டும். அக் கட்டத்தில் முன்பே குறி இடுதல் கூடாது. இசைவோர் தம் கையாலேயே இடுதல் வேண்டும். முன்னறிவிப்பும் பற்றுச்சீட்டும் தமிழில் வருதல் வேண்டும். இவை தமிழர்க்குச் செய்யும் சலுகையல்ல. பணம் தருபவனுக்கு, எதற்குத் தருகின்றான் என்பதை அவன் மொழியிற் சொல்லுதல் வணிகத்தின் முதல் அறம். உமணர் காலத்து அறம்.

கேட்பது ஒருபுறம் இருக்க, இன்றே செய்யக் கூடியவையும் உள. கைப்பேசியின் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். கட்டணம் செலுத்துமுன் எண்ணை இருமுறை படியுங்கள். ஓரிலக்கம் மாறினால் பணம் வேறொருவர் எண்ணுக்குப் போய்விடும். திட்டம் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். 28 நாளா, 30 நாளா என்று கேளுங்கள். இணையம் வேண்டாதவர் பேச்சுத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். குறியிட்ட கட்டம் ஏதும் இருந்தால், அது என்னவென்று அறியாமல் மேலே செல்லாதீர்கள்; தானே கழிக்கும் இசைவாயின் நீக்குங்கள். கூடுதற் கட்டணம் சேர்ந்துள்ளதா என்று இறுதித் தொகையை நோக்குங்கள். மறையெண் பணம் கொடுப்பதற்கே. பணம் பெறுவதற்கு அதனைக் கேட்பவன் கள்வன். ஏமாற்றப்பட்டால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். தொடுதிரை இல்லாத எளிய கைப்பேசி வைத்திருப்போர் பேச்சு அழைப்பின் வழியே பணம் செலுத்த, 2022 மார்ச்சில் ‘யூ.பி.ஐ. 123பே’ என்னும் முறை தொடங்கப்பட்டுள்ளது என்பதையும் மூத்தோர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! இவ்வூர் மூத்தோர்க்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். அளவு தெரியாதவர் அல்லர். பாத்தி நீரைக் கண்ணாற் பார்த்தே, உப்புக் கட்டும் பதம் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவர். அத்தகைய அறிவுடையாரை ஓர் ஆங்கில வரி ஏமாற்றுகின்றது என்றால், அக் குறை அவருடையதன்று. அவர் நீட்டும் கருவியை வாங்கி விரைந்து பொத்தானைத் தொட்டுத் திருப்பித் தருவது உதவியன்று. திரையிலுள்ளதைத் தமிழிற் படித்துக் காட்டி, ‘தாயே, இந்த ஒருமுறைக்கு மட்டும் இவ்வளவு, சரிதானா?’ என்று கேட்டு, அவர் ‘சரி’ என்றபின் செலுத்துவதே உதவி. அந்த ஒரு ‘சரி’யே உண்மையான இசைவு.

உப்பை விளைத்தவர்க்கு உப்பின் விலை தெரிந்தாக வேண்டும். உழைத்துப் பெற்ற கூலியைக் கொடுப்பவர்க்கு, கொடுப்பது எதற்கென்பதும் தெரிந்தாக வேண்டும். தமிழிற் கேளுங்கள்! தமிழில் அறிந்து கொடுங்கள்! அறியாத மொழியில் எதற்கும் ஒப்பாதீர்கள்!

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!