பிள்ளைகளின் இரவுத் தூக்கத்தை மீட்போம்

(புத்தளம் கரையோரத் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், இ.பி.எப்., வீடு, காணி என்றுதான் பேசுவோம். அவற்றை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால் தோட்டக் கமிட்டிகளிலும் மாதர் பிரிவிலும் இப்போது வேறொரு முறைப்பாடும் வருகிறது. "பிள்ளை விடிய விடிய போன் பார்க்குது. காலையில் எழும்ப மாட்டேன் என்குது. யாரோடும் பேசுவதில்லை. கேட்டால் எரிந்து விழுது." மாதம்பையிலும் இதுதான், முந்தலிலும் இதுதான், கற்பிட்டிப் பக்கத்திலும் இதுதான். வீட்டுக்கு வீடு தனித்தனியாக அழுதுகொண்டிருக்கும் விஷயத்தைக் கூடிப் பேசுவதற்குத்தான் சங்கம் இருக்கிறது. ஆகவே இன்று அதைப் பேசுவோம்.

முதலில், இந்தப் போன் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. பதுளைப் பக்கம் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறியதைப் பத்திரிகைகளில் பார்த்தோம். நம் வீடுகளிலும் நகையை அடகு வைத்து, சீட்டுக் காசை எடுத்துப் போன் வாங்கினோம். பிள்ளையின் படிப்புக்காக வாங்கினோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம், நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் தாய் வெளிநாட்டில் இருக்கிறார். குவைத்தில், சவூதியில், டுபாயில் வீட்டு வேலை செய்கிறார். வென்னப்புவ, மாரவில பக்கம் இத்தாலிக்குப் போனவர்கள் அதிகம். பிள்ளை அம்மம்மாவிடம் வளருகிறது. அந்தப் பிள்ளைக்குத் தாயின் முகம் தெரிவது போனில்தான். அதைப் பிடுங்கி அடித்து உடைத்தால், அந்தப் பிள்ளைக்குத் தாயோடு இருக்கும் ஒரே தொடர்பையும் உடைத்துவிடுகிறோம். அதனால்தான் "போனைத் தூக்கி எறியுங்கள்" என்று சங்கம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. பிள்ளையின் நேரம் யாருக்குப் போகிறது என்று கேட்கிறோம்.

தோழர்களே, நேரத்தைப் பற்றித் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்ற கோரிக்கைக்காகவே 1886 மே மாதம் சிக்காகோவில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். மே தினம் அதிலிருந்து வந்தது. நம் நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 ஆக இருந்தது. 2021 இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளையை இரவு ஒரு மணி வரை தும்பு ஆலையில் வைத்து யாராவது வேலை வாங்கினால் நாம் சும்மா இருப்போமா? தொழில் திணைக்களத்துக்குப் போவோம், பொலிசுக்குப் போவோம். ஆனால் அதே பிள்ளையை இரவு ஒரு மணி வரை விழிக்க வைத்து இன்னொருவர் சம்பாதிக்கிறார். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அது எப்படி நடக்கிறது? பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் இலவசம் என்கிறோம். அந்தக் கம்பனிகளின் பெரும் வருமானம் விளம்பரத்தில் வருகிறது. பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு காசு. ஆகவே பிள்ளை எழும்பிப் போகாதபடிதான் அதை அமைக்கிறார்கள். முன்பு ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் "போதும்" என்று நிறுத்திவிடலாம். 2006 இல் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்கர், விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் அவரே அதன் தீமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2009 இல் பேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. இன்று நம் பிள்ளை ஒரு படம் போட்டுவிட்டு எத்தனை லைக் வந்தது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறது. வராவிட்டால் முகம் வாடுகிறது.

இந்தப் பாதிப்பு கம்பனிகளுக்குத் தெரியாததல்ல. 2021 இல் பிரான்சஸ் ஹோகன் என்ற பெண், தான் வேலை செய்த பேஸ்புக் கம்பனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கனவே மனக்குறையோடு இருந்த இளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டகிராம் அந்தக் குறையை மேலும் கூட்டியதாகச் சொன்னது அந்த ஆவணங்களில் இருந்தது. வெயிலில் தேங்காய் பொறுக்கி, உப்பளத்தில் நின்று வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, பூச்சுப் பூசிய வெள்ளை முகங்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் என்ன நினைக்கும்? தன் நிறத்தையும் தன் வீட்டையும் தாய் தகப்பனின் தொழிலையும் பற்றி வெட்கப்படும். இந்த வெட்கத்தைத்தான் நாம் முதலில் உடைக்க வேண்டும்.

இனி வைத்தியர்கள் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் இளவயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் அபாயம் இரண்டு மடங்கு என்று அதில் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 44 நாடுகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. விட நினைத்தாலும் விட முடியாத அளவுக்குப் போனவர்கள் 2018 இல் 7 சதவீதம், 2022 இல் 11 சதவீதம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். போன் பார்க்கும் எல்லாப் பிள்ளைக்கும் மனச்சோர்வு வராது. மனச்சோர்வு வந்த எல்லாப் பிள்ளைக்கும் போன் காரணமும் அல்ல. குடிகார வீடு, கடன், தாயைப் பிரிந்த ஏக்கம், பரீட்சைப் பயம், பள்ளிக்கூடத்தில் அவமானம் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. மனம் சோர்ந்த பிள்ளை ஆறுதல் தேடிப் போனுக்குள் போகிறது. அங்கே தூக்கத்தை இழக்கிறது, மற்றவர்களோடு தன்னை ஒப்பிடுகிறது, கேலிக்கு ஆளாகிறது, மேலும் சோர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆகவே போனை மட்டும் பறித்தால் நோய் போய்விடாது.

எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சோகமாகவோ காரணமில்லாமல் எரிச்சலாகவோ இருந்தால் கவனியுங்கள். முன்பு விரும்பிய கிரிக்கெட்டையும் கோயில் திருவிழாவையும் கூட்டாளிமாரையும் விட்டு ஒதுங்கினால் கவனியுங்கள். சாப்பாடும் தூக்கமும் மாறினால், படிப்பில் திடீரென்று விழுந்தால், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னால் கவனியுங்கள். 13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்மார்களே, மனச்சோர்வு ஒரு நோய். அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. காய்ச்சல் வந்த பிள்ளையை "நடிக்காதே" என்று அடிப்போமா? முன்னேஸ்வரத்துக்கு நேர்த்தி வைக்கிறீர்களா, வையுங்கள். தலவில் அன்னம்மாளிடம் மன்றாடுகிறீர்களா, மன்றாடுங்கள். ஓதிப் பார்க்கிறீர்களா, பாருங்கள். அது உங்கள் நம்பிக்கை. ஆனால் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போவதற்குக் காசு தேவையில்லை. "ஊர் என்ன சொல்லும்" என்று பிந்த வேண்டாம்.

இரண்டு இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி. இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை. 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி. படத்தை வைத்து யாராவது பிள்ளையை மிரட்டினாலும் 1929 க்குச் சொல்லலாம். அப்படி மிரட்டப்பட்ட பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படும். "எது நடந்தாலும் எங்களிடம் வா, அடிக்க மாட்டோம்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. கேட்கும்போதுதான் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விட வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1990 களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. தடுக்கலாம் என்பதற்கு நம் நாடே சாட்சி. ஆகவே தோட்டத்து மருந்தும் வீட்டு மாத்திரையும் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில், பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று, இரவு ஒன்பதரைக்குப் பிறகு வீட்டில் எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். எல்லாப் போனும் என்றால் தகப்பனின் போனும்தான். நாம் பாயில் படுத்துக்கொண்டு யூடியூப் பார்த்தபடி பிள்ளைக்குப் புத்தி சொன்னால் அது கேட்குமா?

இரண்டு, இதை ஒரு வீடு தனியாகச் செய்தால் பிள்ளை "எனக்கு மட்டும்தானா" என்று கேட்கும். அதனால் லயனோடு லயனாகச் சேர்ந்து செய்வோம். பத்து வீடும் ஒன்பதரைக்கு வைத்தால் எந்தப் பிள்ளையும் தனித்துப் போகாது. ஒற்றுமை என்பதை நாம் வேறு எதற்குக் கற்றோம்?

மூன்று, வெளிநாட்டில் இருக்கும் தாய் பேசும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள். அந்த நேரம் பிள்ளைக்கும் தாய்க்கும் உரியது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

நான்கு, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்டொக், பேஸ்புக் கணக்கு வேண்டாம். அந்தக் கம்பனிகளின் சொந்த விதியே அதுதான். அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க 2024 இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அபராதம் பெற்றோருக்கோ பிள்ளைக்கோ அல்ல, கம்பனிக்கே. பொறுப்பு யாருடையது என்பதை அந்தச் சட்டம் சரியாகப் பிடித்திருக்கிறது.

ஐந்து, பிள்ளையிடமிருந்து போனை எடுத்தால் அந்தக் கைக்கு வேறென்ன கொடுக்கப் போகிறோம்? மாலையில் விளையாட இடமில்லை, வாசிக்க நூலகமில்லை. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச சபைகளிடமும் விளையாட்டு மைதானத்தையும் வாசிகசாலையையும் கேட்போம். தமிழ்ப் பாடசாலைகள் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் ஒருவரைக் கேட்போம். மனநலக் கிளினிக்கில் தமிழில் பேசக்கூடிய ஒருவரைக் கேட்போம். மனதில் இருப்பதைச் சொந்த மொழியில்தான் சொல்ல முடியும். சம்பளக் கோரிக்கைகளோடு இந்தக் கோரிக்கைகளையும் தோட்டக் கமிட்டிகள் எழுதி அனுப்ப வேண்டும்.

கடைசியாகத் தம்பி தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. உங்களைக் குற்றவாளியாக நிறுத்த இந்தக் கூட்டம் கூடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களும் பெரும் பணமும் சேர்ந்து உருவாக்கிய ஒரு பொறியோடு தனியாக மோதிக்கொண்டிருக்கிறீர்கள். விட முடியவில்லை என்றால் அது உங்கள் பலவீனம் அல்ல. மனம் பாரமாக இருந்தால் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கூட்டாளி ஒருவன் பேசாமல் ஒதுங்கினால் அவன் வீட்டுக்கு நடந்து போய் வெளியே கூப்பிடுங்கள். போனில் ஆயிரம் லைக் அனுப்புவதைவிட அது பெரிய உதவி.

தோழர்களே, நம் பாட்டன்மாருக்கு இரவும் பகலும் சொந்தமாக இருக்கவில்லை. போராடித்தான் ஓய்வு நேரத்தைப் பெற்றார்கள். அந்த நேரம் நம் பிள்ளைகளுக்கும் உரியது. இன்றிரவு ஒன்பதரைக்கு அவரவர் வீட்டிலிருந்து தொடங்குவோம்.